வேலூர்க் கலகம் பார்க்காத பிஸ்டல்

போன மாதம் ஒரு பிஸ்டல் வாங்கினேன். யாரும் பயப்பட வேண்டாம். இருநூறு வருசத்துப் பழசு, முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற ஜாதி. நாணயம், பழைய வரைபடம், தபால்தலை என்று பலதும் சேர்த்திருக்கிறேன், ஆயுதம் என்று வாங்கியது இதுதான் முதல் தடவை. ஏறக்குறைய ஏமாந்திருப்பேன். அந்தக் கதையைத்தான் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது பர்மிங்காம் பக்கம். இங்கே வருசத்துக்குச் சில முறை பழைய ஆயுதச் சந்தை நடக்கும். பெரிய ஹால், நூறு மேசை, மேசைக்குப் பின்னால் ஃபிளாஸ்கில் டீ வைத்துக்கொண்டு வயசான மனிதர்கள். சும்மா பார்த்துட்டு வரலாம்னுதான் போனேன். மூணாவது வரிசையில் ஒரு பிஸ்டல், பக்கத்தில் மஞ்சளாகிப்போன சின்ன அட்டை. அதில் பழைய பேனா எழுத்தில் ஒரே ஒரு வரி: கிழக்கிந்தியக் கம்பெனி, வேலூர், 1806.

நான் பிறந்தது வேலூரில். கோட்டை அகழியைச் சுற்றி சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன். அந்த அட்டையைப் பார்த்ததும் கை நடுங்கியதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைக்காரர் 1,200 பவுண்டு சொன்னார். "கையில் எடுத்துப் பாருங்கள்" என்று நீட்டினார். நல்ல கனம். ஒன்பது அங்குலக் குழல், பித்தளைப் பூண், வால்நட் கட்டை. மருந்து கெட்டிக்கிற கம்பி குழலின் வாயோடு ஒரு கீலில் மாட்டியிருந்தது. குதிரை மேல் உட்கார்ந்து ஒரு கையில் கடிவாளம் பிடித்துக்கொண்டு குண்டு போடுகிறவன் கம்பியைத் தவற விட்டால் அவ்வளவுதான், அந்தப் பிஸ்டல் அப்புறம் வெறும் கட்டை. அதற்காகத்தான் கம்பி கழன்று விழாதபடி இந்த ஏற்பாடு. ஆக, இது குதிரைப்படைக்காரன் பிஸ்டல் என்பதில் சந்தேகமில்லை.

இனி 1806க்கு வருவோம். புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம், தாடி கூடாது, நெற்றியில் சின்னம் கூடாது என்று வந்த உத்தரவுகளால் கொதித்துப் போன சிப்பாய்கள் ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டையைப் பிடித்தார்கள். உள்ளே திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள். சேதி ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து கில்லஸ்பி 19ஆம் லைட் டிராகூன்களோடு பாய்ந்து வந்தார், பின்னாலேயே மதராஸ் குதிரைப்படையும் வந்தது. பீரங்கியால் வாசல் கதவை உடைத்து உள்ளே நுழைந்தவர்கள் நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றார்கள். பிடித்தவர்களைச் சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டதும் உண்டு. கவர்னர் பென்டிங்கும் தளபதி கிராடக்கும் பதவி இழந்து லண்டனுக்குத் திரும்பினார்கள். எங்கள் வாத்தியார் இதை ஒரே பீரியடில் முடித்துவிட்டார்.

வந்தது குதிரைப்படை, கையில் இருப்பது குதிரைப்படைப் பிஸ்டல். மனசு தானாகவே முடிச்சுப் போட்டது. கோட்டை வாசலில் நுழைந்தவன் ஒருவனின் இடுப்புப் பக்கம் தொங்கியது இது என்றே நம்ப ஆரம்பித்துவிட்டேன். பர்ஸைக்கூடத் தொட்டாச்சு.

அப்புறம்தான் பக்கவாட்டில் இருந்த சின்னத்தைச் சரியாகப் பார்த்தேன். நம்மூரில் துப்பாக்கிக் குதிரை என்போமே, சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கும் பாகம், அது பொருத்தியிருக்கும் இரும்புத் தகட்டில் ஒரு சிங்கம். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று முன்னங்கால்களில் மகுடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிங்கம்.

நாணயம் சேர்ப்பவர்களுக்குக் கம்பெனியின் பழைய முத்திரை தெரிந்திருக்கும். இதய வடிவம், நடுவில் பெருக்கல் குறி போலக் கோடு, நாலு கட்டத்தில் வி.இ.ஐ.சி. எழுத்துகள், தலையில் நாலாம் எண் மாதிரி ஒரு குறி. 1794இல் மதராஸ் மாகாணத்துக்காக இதே பர்மிங்காமின் சோஹோ ஆலையில் அடித்த செப்புக்காசில் அதுதான் இருக்கிறது. சரக்கு மூட்டை மேல் போட்ட வியாபாரிக் குறியைத்தான் காசிலும் போட்டார்கள், துப்பாக்கியிலும் போட்டார்கள். துப்பாக்கிகளில் அந்த இதயம் போய்ச் சிங்கம் வந்தது 1808இல். அதற்கு முந்தைய தகடுகளில் பெரும்பாலும் செய்தவர் பெயரும் வருசமும் சேர்ந்தே இருக்கும். கம்பெனித் துப்பாக்கிகள் பற்றி டேவிட் ஹார்டிங் எழுதிய நான்கு தொகுதிகளை லைப்ரரியில் உட்கார்ந்து படித்தது அன்றைக்குத்தான் பயன்பட்டது.

1808இல் வந்த சிங்கம் 1806இல் வேலூருக்கு எப்படிப் போகும்?

கடைக்காரரிடம் சொன்னேன். மனுஷன் கோபப்படவில்லை. "தகடு பின்னால் மாற்றியதாக இருக்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. பட்டாளத்தில் தேய்ந்த பாகத்தை மாற்றுவது சகஜம். அவரே இரண்டு திருகாணியைக் கழற்றித் தகட்டை வெளியே எடுத்துக் கொடுத்தார். தகட்டின் உள்பக்கம், மரத்தின் பள்ளம், திருகாணித் தண்டு மூன்றிலும் ஒரே மாதிரிச் சின்ன வெட்டுக் குறிகள். பாகங்களைச் சேர்த்த தொழிலாளி குழம்பாமல் இருக்கப் போட்டுக்கொண்டவை. மரமும் தகட்டைச் சுற்றி மயிரிழை இடைவெளி இல்லாமல் கவ்வியிருந்தது. முதல் நாளிலிருந்தே சேர்ந்து வாழ்ந்த ஜோடி. அவரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

தகடு கழற்றியிருந்ததால் இன்னொன்றையும் பார்த்துக்கொண்டேன். புதுசாக வாங்க நினைப்பவர்கள் இதை மறக்காதீர்கள். 1840களில் சக்கிமுக்கி முறை போய்க் கேப் முறை வந்தது. நம் தீபாவளித் துப்பாக்கிப் பொட்டுவெடியின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பல பழைய துப்பாக்கிகளைக் கேப்புக்கு மாற்றினார்கள். சக்கிமுக்கிக்கு இன்று விலை ஜாஸ்தி என்பதால் சிலர் அதைத் திரும்ப மாற்றி விற்கிறார்கள். மருந்துக் கிண்ணி இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுத் தெரிகிறதா, குழலின் பக்கவாட்டுத் துளையைச் சுற்றி அடைத்த வட்டம் தெரிகிறதா, தகட்டில் வேலையில்லாத துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எதுவும் இல்லை. துளை மட்டும் சுட்டுச் சுட்டுக் கொஞ்சம் அகன்றிருந்தது. பிஸ்டல் நிஜம், அட்டைதான் பொய்.

அட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பிஸ்டலோடு ஒரு வீட்டிலிருந்து வந்ததாம். விற்றவருக்கும் வேறு விவரம் தெரியாதாம். ஏமாற்றுவதற்காக யாரும் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. பரணில் கிடக்கும் சாமானுக்கு ஒரு பிரபலமான ஊர் கிடைத்தால் அதை ஒட்டி வைப்பது எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறதுதான். எங்கள் வீட்டிலும் கட்டபொம்மன் காலத்து வாள் என்று ஒன்று இருந்தது. அப்பா அதில் பலாப்பழம் வெட்டுவார்.

கடைசியில் 750க்குப் படிந்தது. கதை இல்லாத கம்பெனிப் பிஸ்டலுக்கு அது சரியான விலைதான்.

லைசென்ஸ் பற்றிக் கேட்பீர்கள். பிரிட்டனில் 1968 சட்டத்தின்படி இந்த மாதிரிப் பழம்பொருளை அலங்காரப் பொருளாக வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம். சுட நினைத்தால் வேண்டும். எனக்கு அந்த ஆசை இல்லை. ஊருக்குக் கொண்டுபோவதும் நடக்காது. நம் 1959 ஆயுதச் சட்டம் தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழசுக்குத்தான். இது நன்றாகவே சுடும் போலிருக்கிறது.

ராத்திரி வேலூருக்குப் போன் போட்டேன். மாமா முழுக்கதையும் கேட்டார்.

"அப்ப இது நம்ம ஊருக்கு வரவே இல்லையாடா?"

"கலகத்துக்கு வரல மாமா. அப்புறம் வந்திருக்கலாம். கம்பெனிக்கு வங்காளம், மதராஸ், பம்பாய்னு மூணு பட்டாளம். மூணுக்கும் ஒரே சிங்கம்தான்."

"அதுக்கு எழுநூத்தம்பது பவுண்டா?"

பதில் சொல்லவில்லை. அட்டையைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்துவிட்டார். பிஸ்டல் பெட்டியில் அதுவும் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறேன்: குதிரைப்படை, 1808க்குப் பின்.