எஸ். எஸ். ராஜேந்திரன்

எஸ். எஸ். ராஜேந்திரன் (1928 – 24 அக்டோபர் 2014) தமிழ் நாடக, திரைப்பட நடிகர். படத் தயாரிப்பாளர், இயக்குநர், அரசியல்வாதி. ரசிகர்களுக்கு எஸ்.எஸ்.ஆர்., 'லட்சிய நடிகர்'. பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கத்துச் சேடபட்டி. தேர்தலில் அவரைத் தூக்கிவிட்டது, பழநி மலைத்தொடர் தெற்கே இறங்கும் சமவெளியிலுள்ள தேனி.

சிறுவனாகவே பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவுக்குப் போனவர், டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் தேர்ச்சி பெற்றார். அந்தக் கம்பெனிகளில் வாத்தியார் சொன்ன வேடத்தைப் போட வேண்டும், பெண் வேடமானாலும் சரி. பாடம் முழுக்க நெட்டுரு. வசனம் கொட்டகையின் கடைசி வரிசைவரை சிதையாமல் போய்ச் சேர வேண்டும். குரல் மாறும், மகரக்கட்டு உடையும் வயதில் பல பையன்களுக்குப் பிழைப்பே போய்விடும். அதைத் தாண்டி வந்தவர்களிலும் ராஜேந்திரனின் உச்சரிப்பு தனித்து நின்றது. ல, ள, ழ மூன்றும் அவர் வாயில் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. அவரை நல்ல நடிகர் என்பதோடு நிறுத்திவிடுவது குறைவான மதிப்பீடு. தமிழைத் திரையில் மிகத் தெளிவாகப் பேசியவர்களில் அவர் முன்வரிசைக்காரர்.

'பராசக்தி'யில் (1952) சிவாஜி கணேசனின் அண்ணன் ஞானசேகரன் வேடம். காலை இழந்து, பிச்சைக்காரர்களைச் சங்கமாகத் திரட்டும் அந்தப் பாத்திரம் அவரைப் பரவலாக அறியச் செய்தது. 'ரங்கோன் ராதா' (1956) அடுத்து வந்தது. கதாநாயகனாக அவரை நிலைநிறுத்தியது 'முதலாளி' (1957). 'ஏரிக்கரையின் மேலே' பாட்டு இந்தப் படத்தில்தான். 'குமுதம்', 'சாரதா', 'நானும் ஒரு பெண்' முதலியவற்றில் நடிகை விஜயகுமாரி அவருக்கு ஜோடி. 'மணிமகுடம்' (1966) படத்தை அவரே இயக்கினார்.

திராவிட இயக்கப் பற்றால் புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். லட்சிய நடிகர் என்ற பட்டத்துக்கு இதுவே காரணம். அந்த உறுதிக்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. 1960களில் 'திருவிளையாடல்' போன்ற படங்கள் வசூலைக் குவித்தபோது அந்தப் பக்கமே அவர் போகவில்லை. காப்பியக் கதையில் நடிக்க அவருக்குத் தடை இருக்கவில்லை: 'பூம்புகார்' (1964) படத்தில் கோவலனாக வந்தார். கண்ணகி விஜயகுமாரி, கவுந்தியடிகள் கே. பி. சுந்தராம்பாள்.

1962இல் தி.மு.க. வேட்பாளராகத் தேனியில் வென்று சட்டமன்றம் சென்றார். இந்தியாவில் தேர்தலில் வென்று சட்டமன்ற உறுப்பினரான முதல் திரைப்பட நடிகர் என அறியப்படுபவர் இவரே. எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வென்றது 1967இல். ஹாலிவுட் நடிகர் ரொனால்ட் ரீகன் கலிபோர்னிய ஆளுநர் தேர்தலில் வென்றதும் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். நடிகர்களின் அரசியல் நுழைவு பற்றிய பேச்சு வழக்கமாக எம்.ஜி.ஆரிடமிருந்தே தொடங்கிவிடுகிறது, அந்த வரலாற்றைத் தேனியிலிருந்து தொடங்குவதே முறை.

1970 முதல் 1976 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். பின்னர் அ.தி.மு.க.வில் சேர்ந்து, 1980இல் தேனிக்குப் பக்கத்துத் தொகுதியான ஆண்டிபட்டியில் வென்றார். அடுத்த தேர்தலில், 1984இல், எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே வென்றது அதே ஆண்டிபட்டியில்தான்.