விழித்தெழும் கணிப்பொறியும் இரண்டு கம்பிகளும்

மின்விசை கொடுத்த முதல் கணத்தில் ஒரு கணிப்பொறிக்கு ஏறத்தாழ எதுவுமே தெரியாது. தன்னோடு எவ்வளவு நினைவகம் இணைக்கப்பட்டிருக்கிறது, அது எந்த வேகத்தில் இயங்கும், எந்தப் பலகையில் தான் பொருத்தப்பட்டிருக்கிறது என்பன யாவும் அதற்குப் புதிர்களே. இவற்றை அறிய ஒரு நிரல் இயங்க வேண்டும். நிரல் இயங்க நினைவகம் வேண்டும். நினைவகத்தை இயக்கவோ, அறியவேண்டிய அந்தச் செய்திகளே முதலில் வேண்டும்! தன் தோள்மேல் தானே ஏறி நிற்க முயல்பவனின் நிலை இது. காலணியின் வாரைப் பிடித்திழுத்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் கேலியாகச் சொல்வார்கள். அந்த வாருக்குப் 'பூட்ஸ்டிராப்' என்று பெயர். கணிப்பொறியை விழிக்கச் செய்யும் சிறு நிரலைப் 'பூட்லோடர்' என்பது இதிலிருந்து வந்ததுதான். நாம் அதைத் தொடக்க நிரல் என்போம்.

இந்தச் சிக்கலை மனிதர்கள் முதலில் தம் கையாலேயே தீர்த்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே 6 அன்று முதன்முதலாக நிரலை இயக்கிக் காட்டிய எட்சாக் கணிப்பொறியில், டேவிட் வீலர் எழுதிய 31 ஆணைகள் தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் இணைப்பிகளில் கம்பிகளாகவே பிணைக்கப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தினால் அந்த ஆணைகள் நினைவகத்துக்குள் சென்றன. பின்னர் அவை துளையிட்ட காகித நாடாவிலிருந்து மற்ற நிரலைப் படித்தன. 1965இல் வந்த பி.டி.பி.-8 பொறியிலோ, முகப்பிலிருந்த 12 சொடுக்கிகளை மேலும் கீழும் தள்ளி, தொடக்க நிரலின் ஆணைகளை ஒவ்வொன்றாக ஒரு மனிதர் ஊட்ட வேண்டியிருந்தது. அதன் காந்த வளைய நினைவகம் மின்விசை போனாலும் மறக்காது. ஆயினும் தறிகெட்டு ஓடிய நிரல் ஏதேனும் அதை அழித்துவிட்டால் மறுபடியும் சொடுக்கிதான்.

அழித்து எழுதத்தக்க நிலை நினைவகச் சில்லை இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971இல் உருவாக்கிய பிறகு, தொடக்க நிரல் சில்லுக்குள் குடியேறியது. மனிதர் எழுந்து போனார். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்த ஒரு செய்தியும் அவரோடு போய்விட்டது. தன் முன்னால் இருப்பது எந்தப் பொறி, அதில் என்னென்ன பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதை அவர் கண்ணால் பார்த்தார். நிரலுக்குக் கண் இல்லை. அதற்குக் கண்ணாக அமைந்தவை இரண்டு மெல்லிய கம்பிகள்.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டி போன்ற கருவிகளுக்குள் இருக்கும் சில்லுகள் தம்முள் பேசிக்கொள்வதற்காக 1980களின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தது. சில்லுக்குச் சில்லு பத்துப் பதினைந்து கம்பிகள் இழுத்தால் பலகை பெரிதாகும், விலையும் கூடும். ஆகவே செய்தியைப் பிட் பிட்டாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பினார்கள். தாளம் போடுவதற்கு இன்னொரு கம்பி. 'ஐ-ஸ்கொயர்-சி' என்ற இம்முறை 'தொடர் பஸ்' வகையைச் சேர்ந்தது. அதை ஆளும் நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். பஸ் டிரைவர் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சாலையில் ஓடும் பஸ்ஸுக்கும் இதற்கும் மூலச்சொல் ஒன்றே. 'எல்லோருக்கும்' என்ற பொருள்தரும் 'ஆம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்தான் அது. இந்தக் கம்பிகளும் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவானவை.

இதன் இயற்பியல் அழகானது. சில்லுகளால் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே முடியும், மேலே தள்ள முடியாது. மேலே கொண்டுபோவது ஒரு மின்தடையின் வேலை. எனவே இரண்டு சில்லுகள் ஒரே நேரத்தில் பேசிவிட்டாலும் எதுவும் எரிந்துபோகாது. யார் கீழே இழுக்கிறாரோ அவர் சொல்லே நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு. கம்பிக்கும் சில்லுகளின் கால்களுக்கும் சிறிது மின்தேக்குத்திறன் இருக்கிறதல்லவா? மின்தடையின் வழியே அது நிரம்பினால்தான் மின்னழுத்தம் ஏறும். 4.7 கிலோ ஓம் மின்தடையும் 100 பிக்கோஃபாரட் தேக்குத்திறனும் இருப்பின் அவற்றின் பெருக்கல் 0.47 மைக்ரோநொடி. மின்னழுத்தம் 30 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு ஏற இதில் சுமார் 0.85 பங்கு, அதாவது 0.4 மைக்ரோநொடி ஆகும். நொடிக்கு 100 கிலோபிட் என்ற முதல் வேகத்துக்கு 1 மைக்ரோநொடி வரை அனுமதி உண்டு, ஆகவே கவலையில்லை. 1992இல் வந்த 400 கிலோபிட் வேகத்துக்கு 0.3 மைக்ரோநொடிதான் அனுமதி. அதே பலகை அங்கே தவறிவிடும். டிரைவரில் வேகத்துக்காக ஓர் எண்ணை எழுதுகிறவர், உண்மையில் பலகையிலுள்ள மின்தடையைப் பற்றி ஓர் உறுதிமொழி தருகிறார்.

இந்தக் கம்பிகள் தொடக்க நிரலின் வாழ்வில் நுழைந்தது 1990களில், நினைவகப் பலகைகளின் வழியாக. ஒவ்வொரு நினைவகப் பலகையின் ஓரத்திலும் ஒரு சிறு சில்லை வைத்து, அதில் அந்தப் பலகையின் ஜாதகத்தையே எழுதிவைத்தார்கள். எத்தனை வரிசைகள், எத்தனை பத்திகள், எத்தனை நானோநொடி காத்திருக்க வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருந்தன. அச்சில்லைத் தொடர் பஸ் வழியாகத்தான் படிக்க முடியும். ஆக, நினைவகம் இயங்கத் தொடங்குமுன்பே பஸ் டிரைவர் இயங்கியாக வேண்டும் என்றாயிற்று. நினைவகமே இல்லாமல் ஒரு நிரல் எப்படி இயங்கும்?

கருவிகளுக்குள் அடங்கிய கணிப்பொறிகளில் இக்கேள்விக்கு விடை கண்டவற்றுள் புகழ்பெற்றது 'யு-பூட்' என்னும் தொடக்க நிரல். மாக்னஸ் டாம் எழுதிய ஒரு நிரலை அடிப்படையாகக் கொண்டு ஜெர்மனியின் வொல்ஃப்காங் டென்க் 2000ஆம் ஆண்டில் பி.பி.சி.-பூட் என்பதை வெளியிட்டார். மூல நிரலின் பெயர் 8 என்ற எண்ணில் தொடங்கியது. அது வைக்கப்பட்ட இணையக் கிடங்கு எண்ணில் தொடங்கும் பெயரை ஏற்காததால் பெயர் மாற வேண்டியதாயிற்று! 2002 நவம்பரில் அது யு-பூட் ஆனது. ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்று பொருள்.

யு-பூட் விழித்தவுடன் நிலை நினைவகத்திலிருந்தபடியே இயங்கும். படிக்கலாம், எழுத இயலாது. சில செயலிகளில் வேகத்துக்காக வைக்கப்பட்ட இடைநிலைத் தேக்ககத்தைப் பூட்டி, அதையே தற்காலிகச் சிலேட்டாகப் பயன்படுத்தினார்கள். அந்த நெருக்கடியில் இயங்கும் பஸ் டிரைவர் தன் பொதுவான மாறிகளில் எதையும் எழுதிவைக்கக் கூடாது. மேசைக் கணிப்பொறிகளுக்கு மட்டும் நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த விதி விசித்திரமாகத் தோன்றும். ஜாதகம் படித்து, நினைவகம் இயங்கிய பின்னரே யு-பூட் தன்னை அங்கே இடம்பெயர்த்துக்கொண்டு மூச்சு விடும்.

பஸ்ஸுக்கென்று தனிச் சுற்று இல்லாத செயலிகளும் இருந்தன. அவற்றில் சாதாரணமான இரண்டு கால்களை நிரலே ஏற்றி இறக்கி, தாளமும் போட்டுச் செய்தியும் அனுப்பியது. ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு முறை ஒரு சிறு தாமதம் வரும். அது 2.5 மைக்ரோநொடி என்றால் சுற்றுக்கு 10 மைக்ரோநொடி, அதாவது 100 கிலோஹெர்ட்ஸ். இந்தத் தாமதத்தையும் எந்தக் கால்கள் என்பதையும் பலகைக்கான அமைப்புக் கோப்பில் எழுதவேண்டியவர் பொறியாளரே. முகவரியிலும் ஒரு பொறி உண்டு. முகவரிக்கு 7 பிட்டுகள். 'படி' அல்லது 'எழுது' என்பதைச் சொல்ல 8ஆவது பிட் பின்னால் சேரும். சில விவரத்தாள்கள் ஏழையும், சில எட்டையும் அச்சிடுகின்றன. முகவரி 80 உள்ள சில்லை 160 என்று எழுதி அழைத்தால் பதில் வராது. நினைவகம் இயங்காது. திரையில் பிழைச்செய்தி காட்டும் அளவுக்குக்கூடப் பொறி விழித்திருக்காது.

பீகிள்போன் பலகையில் இதனைத் தெளிவாகக் காணலாம். 2011இல் வந்த பலகையில் 256 மெகாபைட் டி.டி.ஆர்.2 நினைவகம். 2013இல் வந்த கறுப்புப் பீகிள்போனில் 512 மெகாபைட் டி.டி.ஆர்.3. இரண்டுக்கும் ஒரே யு-பூட் கோப்பைப் போடலாம்! முதற்கட்டத் துண்டு ஒன்று செயலிக்குள் இருக்கும் சிறிய நினைவகத்தில் ஏறி, இரு கம்பிகளை எழுப்பி, பலகையின் மீதுள்ள சிறு சில்லிலிருந்து எட்டு எழுத்துப் பெயரைப் படிக்கிறது. அந்தப் பெயரைக் கொண்டே எந்த வகை நினைவகத்தை எழுப்புவது என்று முடிவுசெய்கிறது. பிறகு அதே கம்பிகளில் மின்விசைச் சில்லை அழைத்து மின்னழுத்தத்தை உயர்த்திய பின்னரே செயலியின் வேகத்தைக் கூட்டுகிறது. இவ்வரிசை மாறக்கூடாது. மின்னழுத்தம் போதாத செயலியை வேகமாக ஓட்டினால் அது எங்கே தடுமாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, பஸ் உறைந்துபோகும் சிக்கல். ஒரு சில்லைப் படித்துக்கொண்டிருக்கும்போதே செயலி மறுதொடக்கம் ஆகிறது என்று கொள்வோம். செயலி எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. மின்விசை போகாததால் சில்லுக்கோ எதுவும் தெரியாது. அது '0' என்ற பிட்டை நீட்டி, செய்திக் கம்பியைக் கீழே பிடித்தபடி அடுத்த தாளத்துக்காகக் காத்திருக்கிறது. தாளக் கம்பி உயர்ந்திருக்கையில் செய்திக் கம்பி மேலிருந்து கீழே இறங்குவதே உரையாடலின் தொடக்க அடையாளம். ஏற்கனவே கீழே இருப்பது எப்படி இறங்கும்? எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் பொறி விழிக்காது. ஆளில்லாத மலையுச்சியில் ஒரு கருவி இப்படி நின்றுவிட்டால், ஒருவர் ஏறிச் சென்று மின்விசையைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

மருந்து எளியது. டிரைவரை எழுப்புமுன், தாளக் கம்பியைச் சாதாரணக் கால்போல் பாவித்து ஒன்பது துடிப்புகள் வரை கொடுக்க வேண்டும். எட்டுக்குள் சில்லு தன்னிடம் மிச்சமுள்ள பிட்டுகளைச் சொல்லி முடிக்கும். அதன்பின் வரவேண்டிய 'பெற்றேன்' என்ற பதில் வராததைக் கண்டு கம்பியை விட்டுவிடும். யு-பூட்டில் இதற்கென்றே, பலகைக்குப் பலகை எழுதிக்கொள்ளத்தக்க ஒரு துணைநிரலுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. மறுதொடக்கத்தின்போது சில்லுகள் பழைய உரையாடல் தொடர்வதாக எண்ணக்கூடும் என்று அதன் கையேட்டிலேயே எச்சரிக்கையும் எழுதினார்கள்.

2014 முதல் யு-பூட்டில் டிரைவர்கள் புதிய ஒழுங்குக்கு மாற்றப்பட்டன. பஸ்ஸின் வேகமும் சில்லுகளின் முகவரிகளும் நிரலிலிருந்து விலகி, 'சாதன மரம்' என்ற தனி விவரப் பட்டியலுக்குப் போயின. எந்தச் சாதனம் நினைவகத்துக்கு முன்பே வேண்டும் என்பதற்கு அதில் ஒரு குறி இடவேண்டும். அதை இட மறந்தவரின் பலகை, சொடுக்கி தள்ளப்படாத பி.டி.பி.-8 போலவே மௌனமாக இருக்கும். டி.டி.ஆர்.5 நினைவகப் பலகைகளில் ஜாதகச் சில்லு வேகம் மிக்க 'ஐ-3-சி' என்ற புதிய பஸ்ஸிலும் பேசவல்லது. ஆயினும் மின்விசை கிடைத்ததும் அது முதலில் பழைய ஐ-ஸ்கொயர்-சி முறையில்தான் விழிக்கிறது. மாறு என்ற ஆணை அந்தப் பழைய முறையில் வந்த பிறகே புதிய முறைக்கு மாறுகிறது.