நிரல் தெரியாதவரும் ஆப் செய்யலாம் – ஒரு சின்ன வரலாறு



நான் பி.காம் படிக்கிறவன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது டேலியும் எக்செல்லும்தான். அப்படிப்பட்ட நானே ஒரு மொபைல் ஆப் செய்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா?

பெரிய ஆப் ஒன்றும் இல்லை. இருக்கன்குடியில் எங்கள் அம்மா வீட்டில் இருந்தபடியே வெடிக்கான காகிதக் குழாய் உருட்டித் தருகிறார். எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒவ்வொரு கட்டுக்கும் தினசரி காலண்டர் தாளின் பின்னால் ஒரு கோடு போட்டு வைப்பார். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது எங்கேயோ உதைக்கும். அம்மாவின் தாள் ஒன்று சொல்லும், ஏஜெண்டின் நோட்டு வேறொன்று சொல்லும். கடைசியில் ஜெயிப்பது நோட்டுதான்! அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் என் ஆப்.

கணிப்பொறி படிக்காத ஒருவனுக்கு இது எப்படிச் சாத்தியமானது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

பொத்தான் போன் காலம்

2000களின் தொடக்கத்தில் கையில் இருந்தவை பொத்தான் போன்கள். அவற்றில் ஓடும் சின்னச் சின்ன நிரல்களை ஜாவா மொழியில் எழுதினார்கள். தமிழில் அதற்கு நல்ல உதாரணம் 'செல்லினம்'. இதை உருவாக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். 1985-லேயே 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தொடங்கியவர். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் செல்லினம் அறிமுகமானது.

அதில் என்ன சிரமம் என்கிறீர்களா? தமிழுக்கு 247 எழுத்து, போனில் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு பொத்தான். அதோடு ஒரு எஸ்.எம்.எஸ்-ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து போகும், யூனிகோடு தமிழ் என்றால் 70 இடம்தான். 'கி' என்ற ஓரெழுத்தே அதில் இரண்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்ற தேவைதான் அந்த ஆப்பைப் பிறப்பித்தது. ஆனால் அதைச் செய்ய ஜாவாவும் எழுத்துருவும் தெரிந்த ஒரு நிபுணர் வேண்டியிருந்தது. எங்கள் அம்மா மாதிரி ஆட்களின் தேவைக்கு எந்த நிபுணர் வரப்போகிறார்?

கட்டம் கட்டமாக அடுக்கு!

2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. 2010 ஜூலையில் கூகுள் 'ஆப் இன்வென்டர்' என்ற கருவியை அறிவித்தது. அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹால் ஏபல்சன். இதில் வரி வரியாக நிரல் எழுத வேண்டாம். 'பொத்தானை அழுத்தினால்' என்று ஒரு கட்டம், 'எண்ணிக்கையில் ஒன்று கூட்டு' என்று இன்னொரு கட்டம். இரண்டையும் இழுத்துப் பொருத்தினால் வேலை முடிந்தது. இந்த எண்ணமும் திடீரென்று வந்ததில்லை. 1967-ல் சிறுவர்களுக்காக உருவான 'லோகோ' மொழி, 2007-ல் வந்த 'ஸ்கிராட்ச்' என்று நீண்ட பரம்பரை அதற்கு உண்டு.

ஆனால் 2011 டிசம்பரோடு கூகுள் இந்தச் சேவையை நிறுத்திவிட்டது. நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டதால் பிழைத்தது. எம்.ஐ.டி. அதை எடுத்துக்கொண்டு 2012-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்றும் இலவசம்தான். பெரிய நிறுவனம் கொடுக்கும் பொருள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், பொதுவில் வைத்த பொருளை வேறொருவர் எடுத்து நடத்தலாம். வணிகவியல் படிக்கும் எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் இது.

கல்கத்தா போக வேண்டாம்

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். இந்த வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு எல்லாம் அந்தப் பயணத்தின் வழியில் வந்தவைதான். அன்று கற்றுக்கொள்ள ரயில் ஏற வேண்டும். இன்று அதே மண்ணில் திண்ணையில் உட்கார்ந்தே ஒரு புதுத் தொழிலின் முதல் பாடத்தைப் படிக்க முடிகிறது.

படித்த உடனே எல்லாம் வந்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சனிக்கிழமை ஆப்பைத் திறந்தால் எண்ணிக்கை பூஜ்யம்! மூடும்போது கணக்கைச் சேமிக்க 'டைனி டிபி' என்று ஒரு பகுதி சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. அன்று மானத்தைக் காப்பாற்றியது காலண்டர் தாள்தான்.

அடுத்த வாரம் சரிசெய்தேன். தேதி வாரியாகக் கணக்கைக் காட்டியதும் ஏஜெண்டு நோட்டைத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். விடுபட்ட இரண்டு கட்டுக்கும் கூலி வந்தது. தொகை சின்னதுதான். ஆனால் அம்மா முதல் முறையாக, "எங்க கணக்கும் இருக்குல்ல" என்று நிமிர்ந்து சொன்னார்.

இப்போதும் காலண்டரில் கோடு போடுவதை அம்மா விடவில்லை. "போன்ல சார்ஜ் இல்லைன்னா?" என்கிறார். சரிதானே!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு உதைக்கிறதா? அங்கிருந்தே தொடங்குங்கள் நண்பர்களே.