கால்நடை மருத்துவம் படிக்கும் முன் ஓராண்டு இடைவெளி: தெரிந்துகொள்ள வேண்டியவை

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்த மாணவர்களில் சிலர், கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு நிறுத்திவைக்க நினைப்பதுண்டு. சிலருக்குப் புள்ளி போதாது. சிலர் கல்லூரியில் வேறு துறையில் சேர்ந்து, மனம் ஒட்டாமல் தவிப்பார்கள். சிலர் வீட்டுக்கு ஒரு சம்பளம் தேவை என்பதால் வேலைக்குப் போவார்கள். இந்த ஓராண்டு கைகொடுக்குமா, கையைக் கடிக்குமா என்பது, அதில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எங்கே படிக்கலாம்?

செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் (யுபிஎம்) கால்நடை மருத்துவப் பிரிவு 1972இல் தொடங்கப்பட்டது. மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் (யுஎம்கே) இப்படிப்பு உண்டு. இரண்டிலும் படிப்புக் காலம் ஐந்து ஆண்டுகள். விண்ணப்பம் யுபியு வழியாகச் செல்கிறது. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. நேர்முகத் தேர்வும் நடத்தப்படுகிறது. உயிரியலிலும் வேதியியலிலும் நல்ல தேர்ச்சி இல்லாமல் இத்துறையை எட்டிப்பிடிப்பது கடினம்.

பேராக்கும் கால்நடை மருத்துவமும்

ஈப்போவில் உள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948 முதல் இயங்குகிறது. கால்நடை நோய்களைக் கண்டறிவதும் தடுப்பூசி தயாரிப்பதும் அதன் முக்கியப் பணிகள். 1998இல் கிந்தா வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதி, கொசு ஒழிப்பில் இறங்கினார்கள். அது நிப்பா என்ற புதிய கிருமி என்பது 1999இல்தான் தெரிந்தது. நாட்டில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. கால்நடை மருத்துவர் காப்பது விலங்கை மட்டுமல்ல, மனிதரையும்தான் என்பதைப் பேராக் மக்கள் அப்போது நேரிலேயே கண்டார்கள்.

பால்மரக் காலத்தில் தோட்டப்புறக் குடும்பங்கள் பல மாடும் ஆடும் வளர்த்தன. பால் விற்ற காசு சம்பளத்துக்குத் துணையாக இருந்தது. கன்று ஈனுவதையும் மடிநோயையும் பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே பார்த்து வளர்ந்தார்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது மாட்டுக் கொட்டகை கூடவே வரவில்லை. இன்று சுங்கை சிப்புட்டிலோ சிம்மோரிலோ வளரும் பிள்ளைக்கு நாயும் பூனையும்தான் பழக்கம். ஆனால் படிப்பிலோ மாடு, ஆடு, கோழி, பன்றி, குதிரை எல்லாம் வரும். இந்தக் குறையைத் தீர்க்க ஓராண்டு இடைவெளி உதவும்.

அந்த ஓராண்டில் என்ன செய்யலாம்?

முதல் வேலை புள்ளி. எஸ்.டி.பி.எம். மூன்று தவணைகளாக நடப்பதால், குறைந்த புள்ளி பெற்ற தாள்களுக்கு மறுதேர்வு எழுத வாய்ப்பு உண்டு. பள்ளி இல்லாத ஆண்டில் படிப்புப் பழக்கம் விட்டுப்போவது எளிது. அதனால் வேலைக்குப் போனாலும் நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பாடத்துக்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, விலங்குகளோடு பழகுவது. தனியார் கிளினிக், ஆட்டுப் பண்ணை, மாட்டுப் பண்ணை, விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், தைப்பிங் விலங்குத் தோட்டம் போன்ற இடங்களில் வாய்ப்பு கேட்டுப் பார்க்கலாம். கூண்டு கழுவுவதும் சாணம் அள்ளுவதும்தான் முதலில் கிடைக்கும். பிழைக்காத விலங்கைக் கருணைக்கொலை செய்வதையும், செலவுக்குப் பணமில்லாமல் உரிமையாளர் தவிப்பதையும் பார்க்க நேரும். இவற்றைத் தாங்க முடியாதவர் ஐந்தாண்டு படிப்பில் சேரும் முன்பே அதை அறிந்துகொள்வது நல்லது.

வேலை செய்த நாள், இடம், பார்த்த நோய் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் கடிதம் வாங்க வேண்டும். நேர்முகத் தேர்வில் ‘விலங்குகள் என்றால் பிடிக்கும்’ என்று சொல்வதைவிட இந்தக் குறிப்புகள் அதிகம் பேசும்.

கடி, கீறல், எலிச் சிறுநீரால் பரவும் நோய் ஆகியவை இவ்வேலையின் ஆபத்துகள். இசிவுநோய்த் தடுப்பூசி, ரப்பர் காலணி, கையுறை ஆகியவை இல்லாமல் இறங்கக்கூடாது.

முடிவெடுக்கும் முன்

யுபியு விதிமுறைகள் ஆண்டுதோறும் வெளியிடப்படுகின்றன. பழைய தேர்வு முடிவு அடுத்த ஆண்டு செல்லுமா, கிடைத்த இடத்தை மறுத்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே கல்லூரியில் படிப்பவர், விலகும் முன் தவணை ஒத்திவைப்பு கிடைக்குமா என்று பதிவாளரிடம் விசாரிக்கலாம். பிடிபிடிஎன் கடன் எடுத்திருந்தால், படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டியாக வேண்டும்.

வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்களும் உண்டு. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி தமிழர்களுக்கு அறிமுகமான பெயர். ஆனால் மலேசியாவில் தொழில் செய்ய, 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி மலேசிய கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற வேண்டும். முகவரிடம் பணம் கட்டும் முன், அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மன்றத்திடமே கேட்பது பாதுகாப்பு.

மாற்று வழி

இடம் கிடைக்காவிட்டால் கதவு முழுதாக மூடிவிடுவதில்லை. யுபிஎம்மில் விலங்கு நலம், கால்நடை வளர்ப்பு டிப்ளோமா உண்டு. குளுவாங்கில் மலேசிய கால்நடைக் கழகம் பயிற்சி அளிக்கிறது. இவற்றை முடித்தவர்கள் கால்நடைச் சேவைத் துறையிலும் பண்ணைகளிலும் துணைப் பணிகளில் சேர முயலலாம்.

ஓராண்டு பின்தங்குவதால் வாழ்க்கை பின்தங்கிவிடாது. ஆனால் அந்த ஆண்டின் முடிவில் கையில் கூடுதல் புள்ளியும் நோட்டுப் புத்தகமும் இருக்க வேண்டும். இரண்டும் இருக்காது என்று தோன்றினால், காத்திருக்காமல் இந்த ஆண்டே விண்ணப்பிப்பதே மேல்.