மண்டபத்தில் இறக்கப்பட்டவர்கள்

பாம்பனின் பழைய ரயில் பாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கப்பலுக்கு வழிவிடும் அந்தத் தூக்குப் பாலத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டிய இடம்தான். 1914இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கப்பல் வந்தால் ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துத் தள்ளி, இரண்டு பக்க இறக்கைகளையும் கையாலேயே தூக்குவார்கள். காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நகராது. மதுரைக் கோட்டத்தில் தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் தள்ளியவன் நான். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் வேகத்தைப் பார்த்தவனுக்கு, அது நூறாண்டு தாங்கியதே பெரிய விஷயம். ஆனாலும் இந்தியா–இலங்கைப் பாதையின் முடிச்சு விழுந்த இடம் பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில் என்பது என் கட்சி.

பாலம் வருவதற்கு முன்பெல்லாம் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. எதிரே தலைமன்னார், இடையில் 35 கிலோமீட்டர் கடல். ஆழம் குறைந்த கடலுக்கு ஏற்ற நீராவிக் கப்பல்கள் ஓடின. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர்கள் அவற்றுக்கு. எழும்பூரில் வாங்கிய டிக்கெட் கொழும்புக் கோட்டை வரை செல்லும். அந்த ரயிலுக்குப் பெயரே போட் மெயில்.

அந்தக் கடலையும் மணல்திட்டுகளின் மேலாகப் பாலம் கட்டியே கடந்துவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை. கட்டியிருந்தாலும் இந்த வண்டி அங்கே ஓடியிருக்காது. நம் பக்கம் மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர். இலங்கையில் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. இரண்டையும் போட்டவர்கள் ஒரே வெள்ளைக்காரர்கள்தாம்!

இனி மண்டபம். முதல் வகுப்பில் வந்த துரைமார்களும் வியாபாரிகளும் நேரே போய்க் கப்பல் ஏறினார்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிவந்த சனங்களோ மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். அங்கே இருந்தது இலங்கை அரசின் முகாம், இந்திய மண்ணில். காலரா, அம்மை பயத்தால் அவர்களை நாட்கணக்கில் அடைத்துவைத்து, அம்மை குத்தி, உடுப்பைப் புகைபோட்டு, பிறகே அனுப்பினார்கள். தோட்டத்து எண் பொறித்த தகர வில்லை அவர்கள் உடம்பில் தொங்கிய காலம் அது. ஆரம்ப காலத்தில் வழிச்செலவும் கூலியில் கழிந்தது. அவர்கள் போகவில்லை என்றால் அந்தப் பாதைக்கு இவ்வளவு பணத்தை யார் கொட்டியிருப்பார்கள்?

1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தோட்டங்களுக்கு அப்படிப் போய்க் குடியேறிய மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். தண்டவாளம் இருந்தது, கப்பல் இருந்தது, காகிதம் இல்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக முடிவு. பத்து ஆண்டு கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். மனிதர்களை இப்படியும் பங்கு போடலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

கையெழுத்தின் மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலுக்குள் போனது. பாலத்தின் கர்டர்களும் சரிந்தன. ஆறு மாதம் என்று கெடு வைத்த வேலையை 46 நாளில் முடித்தவர் அன்றைய இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது.

அந்தக் கப்பல் ‘ராமானுஜம்’. எழுபதுகளில் நான் ராமேசுவரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதிலிருந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டி, தையல் மெஷின், கம்பளி, கையில் குடும்ப அட்டை. எங்கள் வெயிலில் கம்பளியைச் சுமந்து நின்றவர்களைக் கூலிக்காரர்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களை ஏற்றிப்போய் இறக்கிய இடம் அதே மண்டபம் முகாம். பாட்டன் போனபோது இருந்த முகாமே பேரன் வந்தபோதும் இருந்தது. அங்கிருந்து பலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மறுபடியும் கொழுந்துதான்.

இலங்கையில் போர் மூண்டதும் எண்பதுகளில் கப்பல் நின்றது; மண்டபம் முகாமில் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். 2007இல் பாம்பன் பாதையை அகலமாக்கினோம். போரில் அழிந்த தலைமன்னார் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் திரும்பப் போட்டு, 2015இல் ரயில் ஓடியது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலமும் திறந்தாயிற்று. இன்று இரண்டு கரையிலும் ஒரே 1,676 மில்லிமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் ஒரு கப்பல் கிளம்பியது. சில நாளில் நின்று, அடுத்த ஆண்டு மறுபடி தொடங்கியது. ராமேசுவரத்திலிருந்து மட்டும் கப்பல் இல்லை. போட் மெயில் என்று சனங்கள் இன்னும் சொல்லும் வண்டி எழும்பூரிலிருந்து தினமும் ராமேசுவரம் வந்து, சுத்தம் செய்துகொண்டு, திரும்பிப் போகிறது.