ஏற்க மறுத்த நோயும் ஏற்க மறுத்த சிறுநீரகமும்

ஒரு நோயைக் கண்டறிதல் ஒன்று. கண்டறிந்ததைப் பிறர் நம்பும்படி செய்தல் மற்றொன்று. முன்னையதிலும் பின்னையதே சில வேளைகளில் அரிதாகிவிடுகின்றது. எச்.ஐ.வி. தொற்றியவர்களைப் பற்றிய சிறுநீரக நோயின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

எயிட்ஸ் என்னும் நோய் மருத்துவ உலகுக்கு முதன்முதல் தெரியவந்தது 1981ஆம் ஆண்டில். மூன்று ஆண்டுகள் கழித்து, 1984இல், நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதி வைத்தியர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். அந்நோயாளருட் சிலரது சிறுநீரில் புரதம் பெருமளவில் வெளியேறியது. குருதியை வடிகட்டும் நுண்ணிய கலன்கோளங்கள் சுருங்கித் தழும்பேறிக் கிடந்தன. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தது. அதே ஆண்டில் மியாமி நகரத்து வைத்தியர்களும் இதனையே கண்டு எழுதினர்.

எனினும், சான் பிரான்சிஸ்கோ நகர வைத்தியர்கள் இதனை ஒப்பவில்லை. எயிட்ஸ் நோயாளர் பலரைப் பராமரித்து வந்த அவர்கள், இத்தகைய சிறுநீரக நோயைப் பெரிதும் கண்டாரல்லர். ஹெரோயின் என்னும் போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்வோருக்குச் சிறுநீரகம் கெடுவது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆகவே புரூக்ளினிற் கண்டதும் அந்தப் பழைய நோயே என்ற ஐயம் எழுந்தது. உண்மை யாதெனில், இரு சாராரும் கண்டதையே கூறினர். ஆனால் அவர்கள் கண்ட மக்கள் வேறு. சான் பிரான்சிஸ்கோவின் நோயாளர் பெரும்பாலும் வெள்ளையர்; புரூக்ளினிலும் மியாமியிலும் நோயுற்றோர் பெரும்பாலும் ஆபிரிக்க வழிவந்த கறுப்பினத்தவரும் எயிட்டி நாட்டவரும்.

ஐயத்தை நீக்கியவர்கள் குழந்தைகள். தாயிடமிருந்து தொற்றுப்பெற்ற மியாமிக் குழந்தைகளிடத்தும் இந்நோய் காணப்பட்டது. போதைப்பொருளை அறியாத சிசுவின் சிறுநீரகம் கெட்டதற்கு ஹெரோயினைக் காரணமாகக் காட்டுவது எங்ஙனம்? பின்னர், 1991இல், வைரசின் பரம்பரையலகுகள் சிலவற்றைச் சுமக்கும் சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுக்கும் அதே நோய் வந்தது. 1997இல் வெளியான ஆய்வொன்றில், அச்சுண்டெலிகளின் சிறுநீரகங்களையும் நலமுள்ள சுண்டெலிகளின் சிறுநீரகங்களையும் மாற்றிப் பொருத்திப் பார்த்தனர். வைரசின் கூறுகளைக் கொண்ட சிறுநீரகம் நலமுள்ள உடலிலும் கெட்டது. நலமுள்ள சிறுநீரகமோ நோயுற்ற உடலிலும் கெடவில்லை. தீங்கு குருதியில் அன்று, சிறுநீரகத்தின் கலங்களுக்குள்ளேயே நிகழ்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

ஓரினத்தாரை மட்டும் இந்நோய் மிகுதியாக வருத்துவது ஏன் என்னும் வினாவுக்கு 2010ஆம் ஆண்டிலேதான் விடை கிடைத்தது. மேற்கு ஆபிரிக்க வழிவந்தோரிடம் மிகுந்து காணப்படும் பரம்பரையலகு மாற்றங்கள் இரண்டு கண்டறியப்பட்டன. உறக்க நோயை விளைக்கும் கிருமியின் ஒரு வகையினின்றும் உடலைக் காப்பவை அவை. தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றவருக்கு அது கவசம். இருவரிடமிருந்தும் பெற்றவருக்கோ சிறுநீரக நோய் வரும் அபாயம் மிகப் பெரிது. முன்னோரைக் காத்த கவசமே எச்.ஐ.வி. வந்த காலத்தில் வழித்தோன்றல்களுக்கு வினையாயிற்று.

1996ஆம் ஆண்டு முதல் வழக்கிற்கு வந்த கூட்டு மருந்துகள் இந்நோயைப் பெரிதும் தடுத்தன. ஆயினும், சிறுநீரகம் ஏற்கெனவே செயலிழந்தோருக்கு இயந்திர மூலம் குருதியைச் சுத்திகரித்தலோ மாற்றுச் சிறுநீரகமோ அன்றி வேறு வழியில்லை. தென்னாபிரிக்காவின் அரசாங்க வைத்தியசாலைகளில் அவ்வியந்திரங்கள் சில, வேண்டுவோர் பலர். எனவே மாற்றுச் சிறுநீரகம் பெறத் தகுதியுடையோருக்கே இயந்திரத்தில் இடம் என்பது நடைமுறையாயிற்று. எச்.ஐ.வி. தொற்றியவர் அத்தகுதி அற்றவர் எனக் கருதப்பட்டனர். ஆகவே இயந்திரமும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. வீடு திரும்பி மரணத்தை எதிர்நோக்குவதே அவர்கள் விதியாயிற்று.

கேப் டவுண் நகரின் குரூட் சூர் வைத்தியசாலையில், 1967இல் உலகின் முதலாவது மனித இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்த அதே இடத்தில், சத்திரசிகிச்சை நிபுணர் எல்மி முல்லர் இந்நிலையைக் கண்டார். மற்றொன்றும் அவர் கண்ணிற் பட்டது. மூளைச்சாவடைந்த கொடையாளருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தால் அவருடைய சிறுநீரகங்கள் பயன்படாமற் போயின. ஒருபுறம் எவரும் ஏற்காத சிறுநீரகம்; மறுபுறம் எவரும் ஏற்காத நோயாளர். இரண்டையும் ஏன் இணைத்தல் கூடாது? கொடையாளரிடமிருந்து வேறுவகை வைரசு புகுந்து மருந்துகளைப் பயனற்றவையாக்கிவிடலாம் என்னும் அச்சம் இருந்தது. அது பொருளற்ற அச்சமன்று. மருந்தினால் வைரசு அடங்கியிருந்தோரையே அவர் தெரிந்தெடுத்தார். 2008இல் முதற் சத்திரசிகிச்சைகள் நடைபெற்றன.

2015இல் 27 நோயாளரின் பெறுபேறுகள் வெளியாயின. மூன்று ஆண்டுகளின் பின் நூற்றுக்கு 84 பேர் என்ற விகிதத்திலும், ஐந்து ஆண்டுகளின் பின் 74 பேர் என்ற விகிதத்திலும் அவர்கள் உயிர்வாழ்ந்தனர். 1988 முதல் இத்தகைய கொடையைச் சட்டத்தால் தடுத்திருந்த அமெரிக்கா, 2013இல் ஆய்வுக்காக அத்தடையை நீக்கியது. 2016இல் அங்கும் முதல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. 2024இல் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் ஆய்வென்னும் நிபந்தனையும் அகற்றப்பட்டது.

புரூக்ளினில் நோயாளரின் நோயை நம்ப மறுத்தனர். கேப் டவுணில் நோயாளரையே ஏற்க மறுத்தனர். இரண்டிடத்தும் வழி பிறந்தது, தம்முன் கிடந்த மனிதரை மீண்டும் ஒருமுறை உற்றுநோக்கிய வைத்தியர்களால். இயந்திரத்தில் இடம் கிட்டாது வீடு திரும்பியோரின் பெயர்கள் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. எனினும், அவர்களுக்கு நேர்ந்த கதியே பின்வந்தோருக்கு வாயிலைத் திறந்தது என்பதை இவ்வரலாற்றை அறிவோர் மறத்தலாகாது.