நடுவட்டத்துப் பட்டை

மருதம்பட்டைக் கஷாயம் ஹிருதயத்துக்கு நல்லது என்று சொல்லாத நாட்டு வைத்தியர் இல்லை. வடமொழியில் அர்ஜுனம் என்று பெயர் பெற்ற மரம் அது. மார்பு நோய்க்கு இந்தப் பட்டையை முதலில் எழுதி வைத்தவர் வாக்படர் என்பார்கள். பாலில் இட்டுக் காய்ச்சிக் கொடுக்கும் முறையும் பல நூற்றாண்டு கண்டதுதான்.

உதகமண்டலத்துக்குப் போகிறவர்கள் மலைமேல் மருதைத் தேட வேண்டாம். அது ஆற்றங்கரை மரம். மலைக்குளிர் அதற்கு ஆகாது. நீலகிரியின் வடக்குச் சரிவு இறங்கி முடிகிற இடத்தில், மாயாற்றங்கரையில், வெளுத்த அடிமரத்தோடு ஓங்கி நிற்கிறது. மலைமேல் நடந்தது வேறொரு பட்டையின் கதை. காய்ச்சலுக்கென்று வந்து, கடைசியில் ஹிருதயத்தில் போய் முடிந்த பட்டை அது.

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் பாதையில் நடுவட்டம் என்று ஓர் ஊர். இன்று பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் தேயிலைதான் தெரியும். ஒரு காலத்தில் அங்கே சிங்கோனா மரங்கள் நின்றன. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சொந்தமான மரம். மலேரியாவை முறிக்கும் கொயினா, அதாவது க்வினைன், அதன் பட்டையில்தான் இருக்கிறது. 1820-ல் பிரான்ஸ் தேசத்து ரசாயனிகள் பெல்தியேவும் காவந்தூவும் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். காய்ச்சலில் மடியும் சிப்பாய்களையும் கூலிகளையும் வைத்துக்கொண்டு ராஜ்யம் நடத்த முடியுமா? ஆகவே பிரிட்டிஷ் சர்க்கார் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பி, கன்றுகளைக் கொண்டுவரச் செய்தது. 1860-ல் அவர் உதகைக்குக் கொண்டுவந்த கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. அடுத்த வருஷம் வந்த சிவப்புப் பட்டைக் கன்றுகள் பிழைத்தன. உதகைத் தாவரத் தோட்டத்தை அமைத்த மக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பெருக்கினார்.

மக்கைவர் கெட்டிக்காரர். மரத்தை வெட்டிச் சாய்க்காமல், பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக உரித்தெடுத்து, காயத்தின் மேல் பாசியை வைத்துக் கட்டினார். உரித்த இடத்தில் புதுப் பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்து முன்னைவிட அதிகமாகவே இருந்தது. மரத்துக்கு இப்படி ஒத்தடம் வைத்தவர்கள், மனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு பரிவு காட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. தோட்ட வேலைக்குக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சீனர்களும் உண்டு. மலாய்க் கரைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமல் சென்னை ராஜதானிக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள். எங்கேயோ குற்றம், எங்கேயோ தண்டனை, எவருடைய காய்ச்சலுக்கோ மருந்து! நடுவட்டத்தில் அவர்களுக்கென்று கட்டிய சிறை இன்றும் நிற்கிறது.

விடுதலையான பின் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே சரிவிலேயே குடிசை போட்டு, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். சென்னை மியூசியத்தின் எட்கார் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் குடியிருப்பைக் கண்டு, அவர்கள் பிள்ளைகளின் மூக்கையும் தலையையும் அளந்து குறித்துக்கொண்டார். அளந்தவர் அந்தத் தாய்மார்களின் கதையையும் கேட்டு எழுதியிருக்கலாம்.

அளப்பதில் அந்தக் காலத்து சர்க்காருக்கு அலாதிப் பிரியம். இந்த விஷயத்தில் அது நன்மையாயிற்று. நீலகிரிச் சிவப்புப் பட்டையில் க்வினைன் குறைவு. அதன் உறவுச் சத்துக்கள் அதிகம். அவற்றையும் உபயோகிக்கலாமா என்று தெரிந்தாகவேண்டும். 1866-ல் ப்ரொட்டன் என்ற ரசாயனி உதகைக்கு நியமிக்கப்பட்டார். 1866 முதல் 1868 வரை இந்தியாவில் மருத்துவக் கமிட்டிகள் நான்கு சத்துக்களையும் காய்ச்சல்காரர்களுக்குத் தனித்தனியே கொடுத்துச் சோதித்தன. மொத்தம் 2,472 பேர். குணமாகாதவர்கள் 27 பேர்தான். க்வினைனுக்கு ஆயிரத்தில் ஏழு தோல்வி. க்வினிடின் என்னும் தம்பிக்கு ஆறு. இருந்தும் சந்தையில் அண்ணன்தான் விலைபோனான்.

தம்பியின் காலம் பிறகு வந்தது. 1749-லேயே பிரெஞ்சு வைத்தியர் சேனாக், அடங்காத படபடப்புக்கு இந்தப் பட்டை உதவும் என்று எழுதியிருந்தார், எவரும் பொருட்படுத்தவில்லை. 1912-ல் வெங்கெபாஹ் என்ற டாக்டரிடம் ஒரு வியாபாரி வந்தார். நாடி தாறுமாறாக ஓடியது. டாக்டர் கையை விரிக்க, வியாபாரியோ, ஒரு கிராம் க்வினைன் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றார். 1918-ல் வால்டர் ஃப்ரை அந்த நான்கையும் ஒப்பிட்டு, ஹிருதயத்தின் தாளத்தைச் சீர்செய்வதில் க்வினிடினே முதல் என்று காட்டினார். அதன் பின் அரை நூற்றாண்டு அதன் ராஜ்யம்தான்.

கணக்கு எடுக்கிற வழக்கம் இருந்தபடியால் அந்த ராஜ்யமும் கவிழ்ந்தது. க்வினிடின் உண்டவர்களில் சிலர் திடீரென்று மயங்கி விழுந்ததன் காரணத்தை 1964-ல் கண்டுபிடித்தார்கள்: தாளத்தைச் சீர்செய்யும் மருந்தே சிலருக்குத் தாளத்தைக் குலைத்தது. 1990-ல் ஆறு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 2.9 பேரும் உண்ணாதவர்களில் 0.8 பேரும் இறந்திருந்தார்கள். சில அபூர்வக் கோளாறுகளுக்கு மட்டுமே இன்று அது மிஞ்சியிருக்கிறது.

மருதம்பட்டைக்கு இப்படிச் சிறையும் இல்லை, ரசாயனியும் இல்லை, 2,472 பேரும் இல்லை. நம் காலத்தில் சிறு சோதனைகள் நடந்திருக்கின்றன. சில சாதகம், சில பலன் காட்டவில்லை. வாக்படரின் பெயரைச் சொல்லிப் பட்டைப்பொடி விற்கிறவர்களும், பட்டை என்றாலே சிரிக்கிற டாக்டர்களும் எண்ணிப் பார்க்கிற சிரமத்தை மேற்கொள்வதில்லை. மார்வலியோடு வீட்டில் உட்கார்ந்து கஷாயத்தை நம்புகிறவனுக்கல்லவா நஷ்டம்?

மாயாற்றங்கரை மருதுகளை இப்போது வருஷந்தோறும் போய்ப் பார்த்து எண்ணுகிறார்கள். பட்டைக்காக அல்ல. அருகிப்போன வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள் அவற்றின் உச்சியில் கூடு கட்டுகின்றன. அந்தக் கழுகுகளைக் கொன்றதும் ஒரு மருந்துதான்: மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்குளோஃபெனாக். 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.